முகவரியில் இல்லாதவர்

எங்கள் சிறைக்குத் தபால் காலை பதினொரு மணிக்கு வரும். மழையென்றாலும் தவறாது.

நான் இலக்கியம் படித்தவன். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் அந்தப் படிப்புக்குக் கிடைத்தது சிறைத் தபால் அறை வேலை. கைதிகளுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்த்துக் கொடுப்பேன். நீதிமன்றக் கடிதத்தை மட்டும் கைதியின் கண்ணெதிரே பிரித்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும்.

லோனி ப்ரூவிட் போன வருடம் இங்கே மாற்றலாகி வந்தான். ஊன்றுகோலில் நடப்பான். போலீசிடம் தப்பி ஓடும்போது, பேருந்து நிறுத்தத்தில் நின்ற என் மனைவி கோரின் மீது காரை மோதியவன். அப்படித்தான் எனக்குச் சொன்னார்கள். சொன்னவர் போலீஸ் சார்ஜென்ட் கிராப். தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். அவர் மனைவி செய்து அனுப்பிய பன்றிக்கறியை நான்கு நாள் வைத்துச் சாப்பிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் கோரின் தன் தகப்பன் பெயரையே வைத்திருந்தாள். அதனால் நான் யாரென்று லோனிக்குத் தெரியாது. தினமும் தபால் அறை ஜன்னலுக்கு வருவான்.

"என்ன காலேஜ்காரரே, என் ஆளு இன்னிக்காவது எழுதினாளா?"

"எந்த ஆளு?"

"அதான் சார், கோர்ட்டு. கெழவி. மெதுவாத்தான் எழுதுவா. ஆனா எழுதிருவா."

மே மாதம் எழுதினாள். அவனைக் கூப்பிடாமலே பிரித்தேன். போலீஸ் மீது லோனி தொடுத்த வழக்கை நீதிபதி இரண்டு பத்தியில் சுருக்கியிருந்தார். அவன் காரை நிறுத்திவிட்டான். இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். பின்னால் வந்த சார்ஜென்ட் கிராப் வேகத்தைக் குறைக்காமல் இடித்தார். லோனியின் கார் பேருந்து நிறுத்தத்துக்குள் பாய்ந்தது. அவன் முதுகெலும்பு முறிந்தது. 'மஞ்சள் குடை பிடித்திருந்த பெண்' இறந்தாள். போலீஸ் காரின் கேமராப் பதிவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தான். இது உண்மையானால் வழக்குக்கு முகாந்திரம் உண்டு என்றார் நீதிபதி. இணைத்திருந்த படிவத்தை முப்பது நாளில் அனுப்பாவிட்டால் வழக்கு தள்ளுபடி.

குடையின் நிறம் எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை.

உறையை ஒட்டினேன். 'இம்முகவரியில் இல்லை' என்ற முத்திரையைக் குத்தித் திருப்பி அனுப்பினேன். விசாரணை அதிகாரியான உங்கள் மேசையில் இருக்கிறதே, அந்த உறைதான். ஜூனில் இன்னொன்று வந்தது. அதையும் அப்படியே.

தள்ளுபடி உத்தரவை முறைப்படி கொடுத்தேன். அவன் எதிரே பிரித்தேன். கையெழுத்து வாங்கினேன். முகவரியைத் தெரிவிக்கத் தவறியவர் என்று அதில் இருந்தது.

லோனி இரண்டு தடவை படித்தான்.

"நான் எங்க சார் போயிட்டேன்? இருவது வருஷத்துக்குப் பூட்டி வச்சிருக்காங்க. ஆளு வீட்டுல இல்லேங்கிறாளே கெழவி."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு கேட்டான்: "கேஸைத் திரும்பப் போட முடியுமா சார்?"

"மூணு வருஷக் கெடு போன வாரத்தோட முடிஞ்சிருச்சு," என்றேன். நாள் கணக்கு எனக்குத் தெரியும். கோரின் இறந்த நாளிலிருந்துதானே எண்ண வேண்டும்.

வழக்கு இல்லாததால் கேமராப் பதிவைப் போலீஸ் விதிப்படி அழித்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். அதனால் எனக்கு நட்டமில்லை. என்ன நடந்தது என்று தினமும் கண் முன்னால் பார்க்கிறேன். லோனியின் கார் வருகிறது. கோரின் குடையை விரிக்கிறாள்.

அவன் காருக்குப் பின்னால் யாரும் வருவதில்லை.