காபி குடித்த வானொலி

வானொலிப் பெட்டிக்குள் ஒரு குவளைக் காபியைக் கவிழ்த்தவன் நான்தான். அதை மறுக்கவில்லை, ஐயா. ரேடியோ ரிப்பேர்க்காரன் வீட்டு ரேடியோவே காபி குடித்துச் செத்துப்போனது. காஸெல் நகரில் எங்கள் தெருவுக்கு ஒரு வாரச் சிரிப்புக்கு அது போதுமானதாக இருந்தது.

"என்னப்பா எவால்ட், பால் ஊத்திக் குடுத்தியா, கடுங்காப்பியா?" என்று படிக்கட்டில் மறித்துக் கேட்டார் கீழ்வீட்டுத் திருமதி நீமன். "பொண்டாட்டி வேலைக்குப் போயி புருஷன் பாத்திரம் கழுவுற வீட்டுல வேற என்ன நடக்கும்?"

புருஷன் என்றது அவருடைய பெருந்தன்மை. நான் சேர்ந்து வாழும் ரோஸ்விதாவின் கணவன் லோதார் ரஷ்யப் போர்முனையில் காணாமல் போனவன். அவன் இறந்துவிட்டதாக ஐம்பதாம் ஆண்டில் நீதிமன்றமே அறிவித்திருந்தது. அவள் மறுமணம் செய்துகொண்டால் விதவை உதவித்தொகை நின்றுவிடும். அதனால் நாங்கள் மணக்கவில்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான். அப்பாக்கள் சுவரில் போட்டோச் சட்டத்துக்குள் இருந்தார்கள். மாமாக்கள் சமையலறையில் இருந்தார்கள். அவளுடைய மகள் கெர்லிண்டேவுக்கு நான் எவால்ட் மாமா.

ரோஸ்விதா டிராம் கண்டக்டர். எனக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை; வீட்டிலேயே உட்கார்ந்து ரேடியோக்களைப் பிரிப்பேன். இடையில் துணி துவைப்பேன், முட்டைக்கோஸ் நறுக்குவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சினிமாவுக்குப் போவோம். மலை, மான், மீசை வைத்த வனக்காவலன், முடிவில் தேவாலயத்தில் கல்யாணம். அழுகிறவன் நான். கைக்குட்டை தருகிறவள் அவள்.

"என்னைப் பிடிச்சிருக்கா?" என்று திரும்பும் வழியில் கேட்பேன்.

"உன் உருளைக்கிழங்கு சாலட் பிடிச்சிருக்கு."

"போன வாரமும் இதையேதான் சொன்ன."

"போன வாரமும் சாலட் நல்லாத்தானே இருந்துச்சு?"

வீட்டிலேயே கிடப்பவன் என்பதால் தபாலையும் நான்தான் வாங்குவேன். ஐம்பத்திரண்டாம் ஆண்டு வசந்தத்தில் ஓர் அட்டை வந்தது. செஞ்சிலுவையும் செம்பிறையும் அச்சிட்ட, ரஷ்யாவின் போர்க்கைதி முகாம் அட்டை. குண்டு விழுந்த பழைய முகவரிக்குப் போய், நாலைந்து முத்திரை வாங்கி, அலைந்து திரிந்து எங்களிடம் வந்திருந்தது. 'உயிரோடு இருக்கிறேன். நீயும் குழந்தையும் எப்படி? லோதார்.' பதில் எழுதுவதற்காகக் கூடவே ஒரு வெற்று அட்டையும் ஒட்டியிருந்தது.

நான் கெட்டவன் இல்லை. அந்த அட்டையை எரிக்கவில்லை. மேசை இழுப்பறையில், துணி மாட்டும் கிளிப்புகளுக்கு அடியில் பத்திரமாக வைத்தேன். அன்று மாலையே கொடுப்பதாகத்தான் இருந்தேன். நான் துவைத்து மாட்டியிருந்த திரைச்சீலையைப் பார்த்து ரோஸ்விதா விசிலடித்தாள். அந்த விசிலைக் கெடுக்க மனம் வரவில்லை. மறுநாள் அவளுக்குத் தலைவலி. நல்ல செய்தியைத் தலைவலியோடு கேட்கக் கூடாது. மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது: அங்கே ஒரு மனிதன் பதிலுக்காகக் காத்திருக்கிறானே. ஒருவனைக் காக்க வைப்பது பாவம். ஆகவே நானே பதில் எழுத உட்கார்ந்தேன்.

எதிரே கெர்லிண்டே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு மாமா எழுதுற?"

"ஒரு வாடிக்கையாளருக்கு."

"அவரு ரேடியோ செத்துப்போச்சா?"

"ஆமா கண்ணு."

"பாத்து எழுது. பாவம், அழுதுடப்போறாரு."

பார்த்துத்தான் எழுதினேன். நான் அடுத்த வீட்டுக்காரன் என்றும், நாற்பத்து மூன்று அக்டோபர் குண்டுவீச்சில் ரோஸ்விதாவும் கைக்குழந்தையும் இறந்துவிட்டார்கள் என்றும், அடக்கத்துக்கு நானே போயிருந்தேன் என்றும் எழுதினேன். படித்துப் பார்த்தபோது ஆறுதல் போதாது போலிருந்தது. குழந்தை தூக்கத்திலேயே போய்விட்டது என்று ஒரு வரி சேர்த்தேன். அது துடித்ததாக எழுத எனக்கு மனம் வரவில்லை. இளகிய மனசுக்காரன் என்று எல்லோரும் என்னைச் சொல்வார்கள்.

அதன்பின் அட்டை எதுவும் வரவில்லை. அவனும் நிம்மதி அடைந்திருப்பான் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த அக்டோபரில், போர் முடிந்து பத்து ஆண்டுகள் கழித்து, ரஷ்யாவிலிருந்து கடைசிக் கைதிகள் ரயிலேறி வரத் தொடங்கினார்கள். அவர்களுடைய பெயரையும் ஊரையும் வானொலியில் வாசித்தார்கள். ரோஸ்விதா சீருடையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டாள். இரண்டாம் நாள் என் கை சறுக்கியது. அதன் பிறகு அந்தப் பெட்டிக்கு வேண்டிய ஒரு வால்வு மேற்கு ஜெர்மனி முழுவதிலும் கிடைக்காமல் போயிற்று. கிடைக்கவில்லை என்று நான்தான் சொல்லிவந்தேன்.

ஆனால் திருமதி நீமனிடமும் ஒரு வானொலி இருக்கிறது. போன மாதம் நானே ரிப்பேர் செய்து கொடுத்தது. தெள்ளத் தெளிவாகக் கேட்கும். என் தொழில் சுத்தம் அப்படி. வியாழக்கிழமை மதியம் அவர் கையில் சூப்புக் கரண்டியோடு மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"ரோஸ்விதா, உன் வீட்டுக்காரர் பேரை வாசிச்சாங்கடி. லோதார் வீகாண்ட், காஸெல்னு. என் ரெண்டு காதாலயும் கேட்டேன்."

ரோஸ்விதா செத்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எவால்ட், உனக்கு முன்னாடியே தெரியுமா?"

இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். நான் எழுதிய பதிலையும் ஒரு வரி விடாமல் சொன்னேன், தூக்கத்தில் போன குழந்தை உட்பட. திருமதி நீமன் கரண்டியோடு சத்தமில்லாமல் இறங்கிப் போனார். ரோஸ்விதா அலமாரியிலிருந்து தன்னுடைய கோட்டையும் கெர்லிண்டேவின் கோட்டையும் எடுத்தாள். வேறு மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் கேட்டது வேறு.

"அன்னைக்கே குடுத்திருந்தா என்னைத் துரத்திவிட்டிருப்ப. அப்படித்தானே?"

அவள் கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை போட்டு முடித்தாள்.

"இல்ல. உன்கூடத்தான் இருந்திருப்பேன். நீ இருக்கேன்னு அவருக்கு நானே எழுதியிருப்பேன். கல்யாணமான மறுவாரம், டெலிபோன் ஆபீஸ்ல நான் பாத்த வேலைய வேணாம்னு எழுதிக் குடுத்தது அவரு. என்னைக் கேக்கல. என் சாவ எழுதி அனுப்புனது நீ. நீயும் கேக்கல."