ப்ளீச்சிங் பவுடர் வாசனை

நான் சொன்ன நேரத்துக்குக் கூட்டத்தை ஆரம்பிக்கிறவன், ஐயா. நோட்டீஸில் ஐந்தரை என்று போட்டால் ஐந்தரைக்கு மேடையில் இருப்பேன். என் கட்சிக்காரர்களே இதை ஒரு வியாதி என்று கிண்டல் செய்வார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தொகுதி மக்களைக் கூட்டி, என்ன செய்தேன், என்ன செய்யவில்லை என்று தாளைப் பார்த்து நானே படிப்பேன். எந்த எம்.எல்.ஏ. செய்கிறான்? அன்றைக்கும் அதற்குத்தான் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்குப் பக்கத்து மைதானத்தில் மேடை போட்டோம். தண்டையார்பேட்டை பட்டறைகளுக்கு ஏற்றிவிட்ட சொத்து வரியைக் குறைக்கச் சொல்லி நான் நடந்த நடை, சாத்தாங்காடு இரும்புக் கடைகளுக்கு லாரி போகிற மாதிரி ஒரு ரோடு, எல்லாம் தாளில் இருந்தது. ஜனம் அதைக் கேட்க வரவில்லை, அது எனக்கும் தெரியும். நாலு வருஷம் மூடிக் கிடந்த குளோரின் கம்பெனி திறந்திருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் அறுபத்து நாலு பேருக்கு வேலை. அந்த ஆர்டரை என் கையால் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன்.

எங்கள் தொழிலில் எதையும் கடைசியில்தான் கொடுக்க வேண்டும். முதலில் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் நாற்காலிதான் மிச்சம். வரி, ரோடு, வியாபாரம் எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியில் பெயர் கூப்பிடுவது என்று வைத்திருந்தேன். ஆர்டர் வாங்க வேண்டியவர்களையும் அவர்கள் வீட்டாரையும் முன்வரிசையில் உட்கார வைக்கச் சொன்னதும் நான்தான்.

அந்தக் கம்பெனியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அரசியலுக்கு வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் அங்கே சிலிண்டர் உருட்டியவன் நான். எண்ணூரில் எங்கே எது நாறினாலும் எனக்குத்தான் போன் வரும். “குட்டுவண்ணே, இது எந்தக் கம்பெனி?” என்பார்கள். போய் மோந்து பார்த்துச் சொல்வேன். ஓட வேண்டுமா, ஜன்னலைச் சாத்தினால் போதுமா என்று என் வாயைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். செங்குட்டுவனுக்கு ஓட்டு விழுந்ததே இந்த மூக்குக்குத்தான்.

ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி மேனேஜர் மஜீது கூப்பிட்டார்.

“வால்வு வுட்டுடுச்சி சார், கேஸ் லீக் ஆவுது. காத்து உங்க பக்கம்தான் அடிக்குது. ஜனத்தைக் கலைச்சி அனுப்பிடுங்க.”

“மூட எவ்ளோ நேரம் ஆவும்?”

“அரை மணி ஆவும் சார்.”

“அப்போ அரை மணி நான் பேசிக்கினு இருக்கேன்” என்று சொல்லி போனை வைத்தேன்.

இதில் கோபப்பட எதுவும் இல்லை, ஐயா. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மேடைக்கு எதிரே ஆறு கேமரா. நான் ஓடுங்கள் என்று சொன்னால் மறுநாள் காலையில் கம்பெனிக்கு சீல். அறுபத்து நாலு ஆர்டரும் குப்பை. வேலை எங்கே, வேலை எங்கே என்று நாலு வருஷமாக என்னைப் பிய்த்துத் தின்றவர்கள் இவர்கள்தான். ஆர்டர் ஒரு தடவை கைக்குப் போய்விட்டால் பிறகு எவன் வந்து கம்பெனியை மூடச் சொன்னாலும் இவர்களே வாசலில் நின்று மறித்திருப்பார்கள். எனக்கு வேண்டியது அரை மணி நேரம்தான்.

ஆறு மணி வாக்கில் வாடை வந்தது. முன்வரிசையில் ஃப்ளோரன்ஸ் அக்கா எழுந்தாள். மீன் விற்கிறவள். மகன் பிராங்கிளின் பெயர் என் பட்டியலில் ஒன்பதாவது.

“அண்ணே, தொண்டை எரியுது. இன்னா வாசனைண்ணே இது?”

மொத்த மைதானமும் என்னைப் பார்த்தது. எங்கள் ஊரில் பெரிய மனுஷன் வருகிறான் என்றால் காலையிலேயே ரோட்டின் இரண்டு ஓரமும் ப்ளீச்சிங் பவுடர் கொட்டிவிடுவார்கள். அன்றைக்கும் கொட்டியிருந்தார்கள். அதுவும் குளோரின் வாடைதான். வித்தியாசம் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

“ப்ளீச்சிங் பவுடர்க்கா” என்றேன் மைக்கில். “நான் வர்றேன்னு கார்ப்பரேசன்காரன் மூட்டையோட கொட்டிக்கீறான் போல. கலீஜா கீதுன்னு நீங்கதான சொல்றீங்க, சுத்தம் பண்ணா அதுவும் நாறுதா?”

சிரித்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னால் எழுந்து நின்ற சில பேரும் உட்கார்ந்தார்கள். நான் சொத்து வரிப் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

பதினொரு பேர் செத்தார்கள். அக்கா பிழைத்துக்கொண்டாள். பிராங்கிளின்தான் அவளைத் தூக்கி மேடைமேல் போட்டான். போட்டுவிட்டு இன்னொரு கிழவரைத் தூக்கக் கீழே இறங்கினான், அங்கேயே விழுந்தான், எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்க்கப் போனேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். “நீ சொன்னியேண்ணே” என்று மட்டும் சொன்னாள், அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை, சின்னக் கசிவு என்றுதான் நினைத்தேன். மூன்று நாளாக உங்கள் விசாரணையில் இதைத்தான் சொல்கிறேன். நீங்களும் பொறுமையாக எழுதிக்கொண்டீர்கள். இன்றைக்கு வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். ஐந்து நாற்பத்தெட்டுக்கு, வாடை வருவதற்கு முன்னாலேயே, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மகள் மகிழினியை ஏன் மேடைக்குக் கூப்பிட்டேன் என்று.

குழந்தை, அப்பா பக்கத்தில் நிற்க ஆசைப்பட்டாள் என்று சொல்லலாம் என்றிருந்தேன். அவள் ஆசைப்படவில்லை, ஐயா. பக்கத்து நாற்காலிப் பெண்ணோடு விளையாடிக்கொண்டிருந்தாள், வரமாட்டேன் என்றாள். நான்தான் ஆள் விட்டுத் தூக்கி வரச் சொன்னேன். குளோரின் காற்றைவிடக் கனம். தரையோடுதான் போகும். மேலே இருக்கிறவனுக்கு அவ்வளவாக ஒன்றும் ஆகாது. சிலிண்டர் உருட்டப் போன முதல் நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான்.

அந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு ஏழு வயது. அவளையும் தூக்கி வரச் சொல்லியிருக்கலாம். மேடையில் நாற்பது பேருக்கு இடம் இருந்தது.