கீழே வைத்த காப்பிக் கோப்பை

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் கண்ணியத்துக்குரிய ஸலாமா ஐயா அவர்களே! முன்வரிசையில் மணிமாலையை உருட்டிக்கொண்டு, 'இவன் எப்போது முடிப்பான்' என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் பெரியோர்களே! பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பேச்சாலேயே அல்லல்படும் அன்புத் தாய்மார்களே! பத்து வாரம் பயின்று, பட்டயம் பெறக் காத்திருக்கும் மாணவ மணிகளே! என்னை வரவேற்று, வாயாரப் புகழ்ந்து, என் முன்னால் ஆவி பறக்கக் காப்பியும் வைத்திருக்கும் பயிற்சியாளர் உஸ்தாத் ரமீஸ் அவர்களே! உங்கள் அனைவர் மீதும் இறைவனின் அமைதியும் அருளும் பொழியட்டும்!

உஸ்தாத் என்னைப் புகழ்ந்தார். புகழ்ந்தால் பூரித்துப் போவது மனித இயல்பு. எனக்கோ சந்தேகம் வருகிறது. ஏன் தெரியுமா? நான் இந்தக் கராக் நகரச் சந்தையில் இருபத்திரண்டு ஆண்டுகள் தராசு சோதித்த அரசு ஊழியன். சிரித்த முகத்தோடு வரவேற்றவன் தராசைத்தான் முதலில் சோதிப்பேன். 'வாங்க ஃபவ்வாஸ் ஐயா, டீ சாப்பிடுங்க' என்றவன் தராசுத் தட்டுக்கு அடியில் தவறாமல் ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். யார் அங்கே சிரிப்பது? பின்வரிசையில் சிரிக்கும் பழக்கடைக்காரரே, உங்கள் தராசை நான் இன்னும் மறக்கவில்லை!

ஆகவே என்னைப் புகழ்ந்த உஸ்தாதையும் சந்தேகிக்கிறேன். ஆரவாரமாய்க் கைதட்டிய உங்களையும் சந்தேகிக்கிறேன். எல்லோரையும்விட அதிகமாய், இங்கே எழுந்து நிற்கும் என்னைச் சந்தேகிக்கிறேன். காரணம் இருக்கிறது. கேளுங்கள்.

சென்ற ஆண்டு நானும் இதே உஸ்தாதிடம் பயின்றேன். சந்தையில் அதட்டிப் பேசத் தெரிந்த எனக்கு, சபையில் அழகாய்ப் பேச ஆசை. அவர் பத்துப் பழக்கங்களைக் கற்றுத் தந்தார். பத்தும் பத்தரை மாற்றுத் தங்கம் என்றார். காலையில் கண்ணாடி முன் நின்று 'நான் வெல்வேன்' என்று மூன்று முறை சொல். நெஞ்சை நிமிர்த்து. நேரே பார். ஏழாவது பழக்கம் ஒன்று உண்டு, அதை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். 'பேசத் தொடங்குமுன், உன் முன்னால் எது இருக்கிறதோ அதை ஒரு மிடறு பருகு. தொண்டை நனையும், நடுக்கம் போகும், இந்த இடம் உனக்குச் சொந்தம் என்று கூட்டத்துக்குத் தெரியும்.'

பயின்றேன். பழகினேன். பைத்தியமாகவே ஆனேன். ஒருநாள் கண்ணாடி முன் 'நான் வெல்வேன்' என்று முழங்கிக்கொண்டிருந்தபோது, என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க சொல்றத கண்ணாடிக்குள்ள இருக்கிறவன் நம்புறானா?"

"நம்புறான்."

"அப்போ அவனயே சபைக்கு அனுப்புங்க. நீங்க போயி ரொட்டி வாங்கிட்டு வாங்க."

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். அடுத்த மாதம் சிரிப்பு போய்விட்டது.

என் தங்கை மகன் ஐஹம், தண்ணீர் லாரி ஓட்டுபவன். அவன் வண்டி ஒரு திருப்பத்தில் நிலைதடுமாறி, சாலையோரம் நின்றிருந்த ஒரு வாலிபன்மேல் ஏறிவிட்டது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. அபூ தாமிர் என்கிற பெரியவருக்கு அவன்தான் மூத்த மகன். ஐஹம் சிறையில். இறந்தவன் வீட்டார் மன்னித்தாலொழிய அவன் வெளியே வர வழியில்லை. என் தங்கை என் காலைக் கட்டிக்கொண்டாள். "அண்ணே, எம்புள்ளைய எப்படியாவது கூட்டிட்டு வந்துரு. உனக்குத்தான் பேசத் தெரியுமே!" என்று அழுதாள்.

ஆம், எனக்குத்தான் பேசத் தெரியுமே! பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போக வேண்டும். அதில் பேசவேண்டியவர் எங்கள் குடும்பத்து மூத்தவர் ஹாஜி அதல்லா. வாழ்நாளில் முப்பது சமாதானம் முடித்த மனிதர். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரை ஒதுக்கினேன். "உங்களுக்குக் குரல் கம்மிப்போச்சு ஹாஜி, நான் பேசுறேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, பேசு. ஆனா கோப்பையப் பாத்துக்க" என்றார். இதைப் போய் எனக்குச் சொல்கிறாரே என்று எரிச்சல்பட்டேன்.

கோப்பை என்ன என்பது இந்த மண்ணில் பால்குடிக்குக்கூடத் தெரியும். துக்க வீட்டார் காப்பி ஊற்றுவார்கள். கேட்க வந்தவர் அதைத் தொடாமல் கீழே வைப்பார். வைத்துவிட்டுக் கேட்பார். வீட்டுக்காரர் 'குடியுங்கள்' என்றால் கேட்டது கிடைத்தது. சொல்லாவிட்டால் கோப்பை ஆறும், அவமானம் ஊறும். தொடாத அந்தக் கோப்பைதான் கேட்பவனுடைய ஒரே பலம்!

நாங்கள் நாற்பது பேர் போனோம். அபூ தாமிர் வாசலில் நின்று வரவேற்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. உட்கார்ந்தோம். இறந்தவனின் தம்பியே வந்து காப்பி ஊற்றினான். நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். நேரே பார்த்தேன். நிதானமாய்ப் புன்னகைத்தேன். என் சட்டைப்பையில் ஐந்து பக்கப் பேச்சு.

என் கை கோப்பையை எடுத்தது. என் வாய் அதைப் பருகியது.

ஒரே மிடறு! அதோடு விட்டதா இந்தப் பாழும் கை? குடித்து முடித்தவன் 'போதும்' என்று கோப்பையை இப்படியும் அப்படியும் ஆட்டுவானே, அதையும் ஆட்டிவிட்டது! ஹாஜி அதல்லா கண்களை மூடிக்கொண்டார். அபூ தாமிர் மெல்ல எழுந்தார்.

"குடிச்சிட்டீங்க. சந்தோஷம். காப்பி குடிக்கத்தான் வந்தீங்க போல. போயிட்டு வாங்க."

அவ்வளவுதான். ஐந்து பக்கமும் சட்டைப்பையிலேயே செத்தது. வெளியே வாசலில் காத்திருந்த தங்கை என் முகத்தைப் பார்த்தாள். முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பதினெட்டு நாள்! ஐஹம் சிறையில், நான் வீட்டில். கண்ணாடியைத் துணிபோட்டு மூடிவிட்டேன். ஹாஜி அதல்லா மூன்று முறை தூது போனார். நான்காவது முறை பதில் வந்தது. "வரட்டும். ஆனா குடிச்சவனே வந்து கேக்கணும்."

மீண்டும் அதே அறை. அதே காப்பி. கோப்பையைக் கீழே வைக்கும்போது என் கை நடுங்கியது பாருங்கள், பாதிக் காப்பி விரிப்பிலே கொட்டிவிட்டது. பேச வாயைத் திறந்தேன். அபூ தாமிர் முந்திக்கொண்டார்.

"போன தடவ ஏன் குடிச்ச?"

"பழக்கம்."

"எங்கிட்ட பேச எழுதிட்டு வந்தியாமே. எங்க?"

அதே சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "நீயே பாரு. அதுல எம்மகன் பேரு இருக்கா?"

பார்த்தேன். முதல் பக்கம் பார்த்தேன். மூன்றாம் பக்கம் பார்த்தேன். 'மறைந்த இளைஞர்' இருந்தார். 'மாண்ட மாணிக்கம்' இருந்தது. 'விதியின் விளையாட்டு' இருந்தது. மோனை இருந்தது, எதுகை இருந்தது. பெயர் இல்லை! தாய்மார்களே, ஐந்து பக்கத்தில் அந்தப் பிள்ளையின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை!

"இல்ல" என்றேன். பிறகு, "தாமிர்" என்றேன். அபூ தாமிர் என்றால் தாமிரின் தந்தை; அவர் பெயரிலேயே பிள்ளையின் பெயர் இருந்தது! "தாமிர எங்க பையன் வண்டி..." அழுதேன்.

அந்தக் கிழவர் என்ன சொன்னார் என்பதை அப்படியே சொல்கிறேன்.

"அன்னைக்கு உன் கை நடுங்கவே இல்ல. எம்புள்ள செத்த வீட்ல வந்து உக்காந்து, கை நடுங்காம ஒருத்தன் சிரிக்கிறான்னா, அவன நான் எப்படி நம்புவேன்? இன்னைக்கு நடுங்குது. மிச்சத்தக் குடி. ஐஹமக் கூட்டிட்டுப் போ. அல்லாவுக்காக விட்டுட்டேன்."

ஐஹம் வீட்டுக்கு வந்தான். என் தங்கை அன்று அடுப்பு மூட்டவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

தம்பி! இரண்டாம் வரிசை, கண்ணாடி போட்ட தம்பி! என்ன எழுதுகிறீர்கள்? 'கை நடுங்க வேண்டும்' என்றா? அடியுங்கள்! உடனே அடியுங்கள்! அதையும் பதினொன்றாம் பழக்கமாக்கி, கண்ணாடி முன் நின்று நடுங்கிப் பழகுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நானே அப்படிப் பழகிவிடுவேனோ என்றுதான் என்னை நானே சந்தேகிக்கிறேன்! தன்னம்பிக்கை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் தட்டில் பொருள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பொருள் இல்லாத தட்டில் பெருவிரலை வைத்து அழுத்தினால் முள் நிமிர்ந்துதான் நிற்கும். அதற்குப் பெயர் எடையா? யாரிடம் பேசப் போகிறோம், அவருக்கு என்ன வலி, அவருடைய பிள்ளைக்கு என்ன பெயர் என்று தெரிந்துகொண்டு போனீர்களா? அது இருந்தால் திக்கினாலும் வெல்வீர்கள்! அது இல்லாவிட்டால் தேனாய்ப் பொழிந்தாலும் தோற்பீர்கள்!

கைதட்டாதீர்கள். இன்னும் முடிக்கவில்லை.

உஸ்தாத் ரமீஸ் அவர்களே, நான் ஏன் வந்தேன் தெரியுமா? நம் ஊர்க் கோட்டைச் சரிவில் நீங்கள் ஒரு விளம்பரப் பலகை வைத்திருக்கிறீர்கள். அதில் என் படம். அடியில், 'கல்நெஞ்சையும் கரைத்த பத்துப் பழக்கங்கள்!' யாருடைய கல்நெஞ்சு, ஐயா? மகனைக் கொன்ற வண்டிக்காரனை மன்னித்தவருடையதா? அந்தச் சரிவில்தான் அவர் வெள்ளிதோறும் மகன் கல்லறைக்கு நடந்து போகிறார். நாளை வெள்ளி.

இந்தக் காப்பியைப் பாருங்கள். நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. இவ்வளவு பேசியும் நான் தொடவில்லை. அந்தப் பலகையை இறக்குங்கள். இதுதான் என் வேண்டுகோள்.

என்ன? உரக்கச் சொல்லுங்கள் உஸ்தாத், ஒலிபெருக்கியில் விழவில்லை. 'அடுத்த வாரம் பார்க்கலாமா'? சந்தையில் காந்தம் வைத்தவனும் இதையேதான் சொல்வான்! சபையைப் பாருங்கள். தாய்மார்கள் உங்களைத்தான் பார்க்கிறார்கள்.

என்ன சொன்னார்? கேட்டதா எல்லோருக்கும்? "இன்னைக்கு சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்னாடி இறக்கிடுறேன். குடிங்க ஐயா."

குடிக்கிறேன். ஆறிவிட்டது. இருந்தாலும் குடிக்கிறேன். அஸருக்குப் பிறகு சரிவு வழியாகத்தான் வீட்டுக்குப் போவேன், உஸ்தாத். சோதித்துப் பழகியவன், கோபிக்காதீர்கள்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி. பொறுமையிழந்தும் எழுந்து போகாதவர்களுக்கு இருமடங்கு நன்றி. கோப்பை என் கையில் ஆடுவதைப் பார்க்கிறீர்கள். தயவுசெய்து அதை மட்டும் யாரும் எழுதிக்கொள்ளாதீர்கள். உங்கள் அனைவர் மீதும் அமைதி நிலவட்டும். தாமிர் மீதும்.