காதைப் பொத்திய வெண்கலக் கைகள்

"ஆமி செல் குத்துறான்! இறங்குங்கோ!"

பங்கருக்குள், மண் பதுங்குகுழிக்குள், விழுகிறோம். பங்குனி மாதம். மத்தியானம். முதலில் தூரத்தில் பீரங்கியின் ஒரு குத்தல். பிறகு கூவல். வெடிப்பதற்குள் காதைப் பொத்தி வாயைத் திறக்க வேண்டும். என் வலது கை காயக்கட்டில் தொங்குகிறது. மற்றக் கையால் ஒரு காதைப் பொத்துகிறேன். என் நான்கு வயது மகள் யாழினியை அக்கா மடியில் இழுத்துப் போடுகிறாள். பிள்ளையின் காதுகளைப் பொத்துகிறாள். தன் காதுகளைத் திறந்தே விடுகிறாள். பங்கர் வாசலில் செல் விழுகிறது.

இப்போது மொன்றியலில் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை. ரொக்ஸ்பரோவில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து யாழினிதான் அருங்காட்சியகத்துக்கு இழுத்து வந்தாள். கலை படிக்கிறாள். ஜெர்மன் வெண்கலச் சிலைகளாம். நூறு வருடப் பழசாம். எனக்குக் கால் வலி. உட்கார ஒரு வாங்கு தேடினேன்.

அப்போது கண்டேன். குந்தியிருக்கும் ஒரு பெண். மடியில் பிள்ளை. உடம்புக்குப் பொருந்தாத பெரிய கைகள். அவை பிள்ளையின் காதுகளில். அவள் வாய் திறந்திருக்கிறது. செய்தவன் எவனோ ஒரு ஜெர்மன்காரன். என் அக்காவை எங்கே கண்டான்? கோபம்தான் முதலில் வந்தது. கையை நீட்டி அந்த விரல்களைத் தொட்டேன்.

"மதாம்! நோன்!"

காவலாளி. தொடக் கூடாதாம். எனக்குக் கேட்கும் காதுப் பக்கம். திடுக்கிட்டுத் திரும்பினேன்.

அக்கா திரும்பவில்லை. அது பங்கர் வாசலில் செல் விழுந்ததற்கு மறுநாள். கஞ்சிப் பானையருகே எங்களுக்கு முதுகு காட்டி இருந்தாள். "குத்துறான்! அக்கா, ஓடி வாங்கோ!" தொண்டை கிழியக் கத்தினேன். முந்தின நாள் வெடிப்பிலேயே அவளுடைய காதுகள் போய்விட்டன. அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

பெரியம்மா செல்லில் செத்தா. யாழினிக்கு இவ்வளவுதான் தெரியும். மீதியைச் சொன்னால் பிள்ளை உடைந்துபோவாள் என்று பயந்தேன்.

"அம்மா, இவ ஏன் தன்ர காதைப் பொத்தேல்லை?"

சிலையைப் பார்த்தபடி கேட்டாள். பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"கை ரெண்டுதானே, பிள்ளை. பெரியம்மாவும் இப்பிடித்தான் இருந்தவ. மடியிலை நீ."

முழுவதையும் சொன்னேன். அவள் அழவில்லை. இரண்டு கைகளாலும் தன் காதுகளைத் தொட்டாள். 

இழந்தவை: வீடு. என் அப்பா. அக்கா, முப்பத்தொரு வயது. அவளுடைய படங்கள் எல்லாம். அவளுடைய இரண்டு காதுகள். என்னுடையது ஒன்று.

அக்கா மிச்சம் வைத்தவை இரண்டு. யாழினியின் காதுகள்.