திரை உடைந்த போனில் இருந்த கடைசிப் பேச்சு

என் பெயர் இங்குன் ஹோவ்டே. வயது அறுபத்தொன்று. காலஞ்சென்ற ஆஸ்முண்ட் ஹோவ்டேயின் மனைவி. ஓப்டால் ஊரில், தேவாலயத்துக்குக் கீழே உள்ள மஞ்சள் வீட்டில் வசித்து வருகிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். என்மீது இதற்குமுன் வழக்கு எதுவும் இல்லை.

நான் அனுமதியின்றி நுழைந்த மலைக்குடில் முன்பு என் கணவருக்கும் அவர் அண்ணன் ஈவாருக்கும் பொதுவாக இருந்தது. என் கணவர் எந்தப் பழைய போனையும் தூக்கிப் போடமாட்டார். ஒன்று சமையலறையில் ரேடியோவாக இருந்தது, ஒன்று படகில் வழி காட்டியது, ஒன்று ஆட்டுக்கொட்டிலில் குட்டி ஈனும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்று வாங்கலாம் என்று நான் சொன்னால், "மூணு வருசம் உழைச்சதுக்கு ரிட்டயர்மெண்டா? எழுந்து வேலையப் பாக்கச் சொல்லு" என்பார். "இந்த வீட்டுல ரிட்டயர் ஆகி உக்காந்திருக்கறது நீ ஒருத்தன்தான்" என்று நான் சொல்வேன்.

குடிலில் இருந்த போனுக்குத் திரை உடைந்து கருத்துப்போயிருந்தது. கேமரா மட்டும் நன்றாக இருந்ததால் அதை ஜன்னல் பலகையில் சார்ஜரோடு நிறுத்தி, அறையில் ஏதாவது அசைந்தால் குரலோடு சேர்த்துச் சிறு வீடியோப் படம் பிடிக்கும்படி செய்திருந்தார். புயலில் கரண்ட் போய் வந்தால் அது தானாகவே விழித்துக்கொள்ளும். அந்தப் படங்களை நான் வீட்டிலிருந்தபடி என் போனில் பார்ப்பேன். பழைய போன் என்பதால் பத்துப் படங்கள்தான் கொள்ளும், பதினோராவது வந்தால் முதலாவது அழிந்துவிடும். இதை அவர் எனக்கு ஒருமுறைக்கு இருமுறை சொல்லியிருக்கிறார்.

எல்லோரும் குடிலுக்குப் போனால் அங்குள்ள வருகைப் புத்தகத்தில் எழுதுவார்கள். எழுத என் கணவருக்குச் சோம்பல். பூட்சைக் கழற்றுவதற்கு முன்பே அந்தப் போன் முன்னால் நின்று, "வந்துட்டேன். பனி முட்டி வரைக்கும். எலி இல்ல. காபித்தூள் தீந்துபோச்சு" என்று எனக்குச் சொல்வார்.

கடந்த மார்ச் மாதம் கூரைப் பனியைத் தள்ளுவதற்காக அவர் தனியாகப் போனார். நான் பேருந்தில் பிள்ளைகளோடு இருந்தபோது என் போனில் மணி அடித்தது. ஓட்டும்போது நான் போனைத் தொடுவதில்லை. கடைசிப் பிள்ளை இறங்குவதற்குள், அவர் திரும்பும் வழியில் பனிச்சறுக்குப் பாதையிலேயே விழுந்து இறந்துவிட்ட செய்தி வந்துவிட்டது.

அதன் பிறகு என் போனில் பார்த்தபோது, வந்திருந்த படத்தின் சிறு உருவம் மட்டும் தெரிந்தது. தொப்பியில் பனி இருந்தது. வாய் திறந்திருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. கேட்டுவிட்டால் இனிமேல் அவரிடமிருந்து கேட்க ஒன்றும் மிச்சம் இருக்காது என்று நாள் தள்ளினேன். அதற்குள் இறந்தவர் பெயரில் இருந்த இணைப்பு என்று போன் கம்பெனி குடில் போனின் இணைப்பைத் துண்டித்துவிட்டது. ஈவார் குடிலின் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டார். அதன் பிறகு அந்தப் படம் குடிலில் இருந்த போனுக்குள் மட்டுமே இருந்தது. பக்கத்தில் போனால் இரண்டு போனும் தமக்குள் சேர்ந்துகொள்ளும், பார்க்கலாம். போக எனக்குக் கால் எழவில்லை.

கோடையில் ஈவார் குடிலைச் சாமான்களோடு ஹெல்கே என்பவருக்கு விற்றார். எங்கள் பக்கம் அப்படித்தான் விற்பது. நானும் கையெழுத்துப் போட்டேன். போனை எடுத்து வரும்படி ஈவாரிடம் சொல்லியிருந்தேன். "அந்த உடைஞ்சதா? அங்கேயே கெடக்கட்டும்னு விட்டுட்டேன், இங்குன்" என்றார்.

சென்ற வாரம் பக்கத்துக் குடிலில் இருக்கும் பெரித் கடையில் என்னைப் பார்த்து, "புது ஆளு வாசல்ல பெரிய குப்பைத்தொட்டி கொண்டாந்து வச்சிட்டான். திங்கக்கெழம எல்லாத்தையும் அள்ளிப் போடப்போறானாம்" என்றார். ஹெல்கேயின் எண் என்னிடம் இருந்தது. முன்பின் தெரியாதவரிடம் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை நான் அங்கே போனேன். பூட்டை உடைக்கவில்லை. சாவி எப்போதும் போல இறவாரப் பலகைக்குப் பின்னால் தொங்கியது, அதை யாரும் மாற்றவில்லை. போனை எடுத்துச் செல்லும் எண்ணம் எனக்கு இல்லை. விற்றது விற்றதுதான், எடுத்தால் திருட்டு. கேட்டுவிட்டு வருவது திருட்டாகாது என்று நினைத்தேன்.

மெயின் சுவிட்சைப் போட்டேன். போன் இருந்த இடத்திலேயே இருந்தது, வயரும் மாட்டியே இருந்தது. ஆறு மாதமாகச் செத்துக் கிடந்த பேட்டரிக்கு உயிர் வர நேரமாகும் என்று காத்திருந்தேன். திரை கருப்பு என்பதால் விழித்ததா இல்லையா என்று தெரியவில்லை. குளிராக இருந்தது. விறகு கொண்டுவந்து அடுப்பை மூட்டினேன். அதன் பிறகு இன்னும் விறகு கொண்டுவந்தேன். காபி போட்டேன். டப்பா நிறையத் தூள் இருந்தது, அவர் வாங்கி வைத்திருக்கிறார். அவர் குவளையில் குடித்துவிட்டுக் கழுவி வைத்தேன். ஆணியில் தொங்கிய அவர் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் நாற்காலியில் கொஞ்சம் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். அழுதேன். அதன் பிறகு போன் முன்னால் போய் நின்று அவரைப் போலவே பேசினேன். அது தூங்குகிறது என்று நினைத்துத்தான் பேசினேன்.

அதன் பிறகு என் போனைத் திறந்தபோது, இரண்டும் சேர்ந்திருந்தன. பத்துப் படங்கள் இருந்தன. முதலாவதில் நான் இரண்டாம் முறை விறகோடு உள்ளே வருகிறேன். மற்ற எல்லாவற்றிலும் நான். மார்ச் மாதத்துப் படம் இல்லை. நான் உள்ளே நடந்த நடையே அதை அழித்துவிட்டது.

புகையைப் பார்த்து ஹெல்கேவுக்குத் தகவல் சொன்னவர் பெரித். அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை, நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன். போலீஸ் அதிகாரி மாரிட்டும் ஹெல்கேயும் வந்தபோது நான் நாற்காலியில் இருந்தேன். என்ன எடுத்தீர்கள் என்று மாரிட் கேட்டார். எதுவும் எடுக்கவில்லை என்றேன். ஸ்வெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். ஹெல்கே அதை எடுத்து மறுபடி என்னிடமே கொடுத்தார்.

அதன் பிறகு நிலையத்தில் மேற்படி பத்துப் படங்களும் எனக்குக் காட்டப்பட்டன. அவற்றில் இருப்பது நான்தான். கடைசிப் படத்தில் "வந்துட்டேன். பனி இன்னும் விழல. எலி இல்ல. காபித்தூள் நெறைய இருக்கு. நீ என்ன சொன்னே, ஆஸ்முண்ட்?" என்று கேட்பது என் குரல்தான்.

புகார் வேண்டாம், போனையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஹெல்கே சொன்னதாக மாரிட் தெரிவித்தார். வேண்டாம் என்றேன். அதில் இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன்.

நான் சொன்னதை மாரிட் எழுதி, எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார். நடந்தது இவ்வளவே. இதில் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை.

(ஒப்பம்) இங்குன் ஹோவ்டே