வரிசையில் நின்ற ஊதாக் குடம்

ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். திருமங்கலத்தைத் தாண்டி, நாலு வழிச் சாலையை விட்டு இறங்கினால் ஒரு கண்மாய்க்கரை ரோடு வரும். ஒரு பக்கம் கருவேலங்காடு. இன்னொரு பக்கம் காய்ந்து கிடக்கிற கண்மாய். நடுவில் ஊருக்குத் தண்ணீர் போகிற மேல்நிலைத் தொட்டி, அதன் காலடியில் ஒரே ஒரு குழாய். தெருவிளக்கு எல்லாம் பேருக்குத்தான். அந்த ரோட்டில் ஒரு பெண் தன்னந்தனியாக நடந்து போகிறாள்...

ஏய் நாஸியா, கதை கேட்க உட்கார்ந்தாயிற்று, தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் இப்போதே போய்க் குடித்துவிட்டு வா. அப்புறம் அடுப்படி வரைக்கும் துணைக்கு வா என்று யாரையும் இழுக்கக்கூடாது.

இது எங்கேயோ யாருக்கோ நடந்தது இல்லை. நம் கூட்டாளி சிவபாண்டியின் தங்கச்சி பாண்டீஸ்வரிக்கு நடந்தது. சிவபாண்டிக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்து அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சொன்ன அன்றைக்குக் காது அப்படியேதான் இருந்தது.

பாண்டீஸ்வரியின் புருஷன் அருண்பாண்டி லாரி ஓட்டுகிறவன். போனால் திரும்பி வர நாலைந்து நாள் ஆகும். ஊர்க்கோடியில், புதிதாகப் பிளாட் போட்ட இடத்தில் ஒரு வாடகை வீடு. வீட்டில் அவளும் மகள் ஆர்த்திகாவும்தான். ஆர்த்திகாவுக்கு நாலு வயசு. பாவம், அந்தப் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தது. அனுப்பும்போது டாக்டரம்மா ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்.

"தண்ணியக் காய்ச்சிக் குடும்மா. இன்னொரு தடவ வந்துச்சுன்னா பிள்ள தாங்காது."

அன்றிலிருந்து பாண்டீஸ்வரி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் அலைந்தாள். பிள்ளை கொஞ்சம் சோர்ந்து படுத்தால் போதும், இமையைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பாள்.

வீட்டுக் குழாய் எதற்கும் ஆகாது. பைப் சாக்கடைக்குள் முங்கித்தான் வருகிறது. திறந்தால் முதலில் காற்று வரும், அப்புறம் கறுப்பாக வரும், அப்புறம் நாற்றம் வரும். குடிக்கிற தண்ணீருக்கு ஊர்ப் பெண்கள் எல்லோரும் அந்தத் தொட்டிக் குழாய்க்குத்தான் போவார்கள். அங்கே கண்ணாடி மாதிரி விழும். ஆனால் விடுவது ராத்திரியில்தான். எத்தனை மணிக்கு என்பது திறந்துவிடுகிற ஆளுக்கே தெரியாது.

அதனால் அங்கே ஒரு வழக்கம். பொழுதோடு குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. தண்ணீர் வருகிற நேரம் குடத்துக்காரி தூங்கிப்போனால், அவளுக்குப் பின்னால் நிற்கிறவள் அந்தக் குடத்தையும் பிடித்து ஓரமாக வைக்க வேண்டும். அடுத்தவள் குடத்தைக் காலியாக விட்டுவிட்டுத் தன் குடத்தை மட்டும் நிரப்பிக்கொண்டு போகிறவளை அந்த ஊரில் மனுஷியாகவே மதிக்கமாட்டார்கள். பகலெல்லாம் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறவர்களும் இந்த நியாயத்தை மட்டும் மீறுவதில்லை.

பாண்டீஸ்வரி அங்கே குடியேறிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வழக்கம் அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு குடத்துக்கு மட்டும் அந்த வழக்கம் கிடையாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அன்றைக்கு முழிப்புத் தட்டியபோது நேரம் தப்பிப்போயிருந்தது. பிள்ளை அயர்ந்து தூங்கியது. ஊர்க்கோடி வீடு, பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும் என்று புருஷன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். சிலிண்டரை மூடினாள். கதவைச் சாத்திப் பெரிய பூட்டாகப் போட்டாள். சாவியைத் தாலிக்கயிற்று ஊக்கில் மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

குழாயடியில் ஒரு ஈ காக்கா இல்லை. எல்லோரும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் நின்றது மூன்று குடம். கடைசி இரண்டும் அவளுடையது. அதற்கு முன்னால்... ஒரு ஊதாப் பிளாஸ்டிக் குடம். சாயங்காலம் அது அங்கே இருந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. அதன் வாயில் வடிகட்டுவதற்குத் துணி கட்டியிருந்தது. பூப்போட்ட துணி. ஒரு சின்னப் பிள்ளையின் கவுனைக் கிழித்தது.

கொஞ்ச நேரம் பார்த்தாள். யாரும் வரவில்லை. வரிசைப்படி அதுதான் முதல். எடுத்துக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.

குடம் நிரம்ப நிரம்பச் சத்தம் மாறிக்கொண்டே வருமில்லையா? கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம், இப்போது பாதி, இப்போது கழுத்து என்று. அந்தக் குடத்தில் சத்தம் மாறவே இல்லை. ஏதோ ஆழமான கிணற்றுக்குள் விழுகிற மாதிரி ஒரே சத்தம்... விழுந்துகொண்டே இருந்தது. பிறகு, திடீரென்று தளும்பி அவள் கால்மேல் வழிந்தது.

அப்போதுதான் அந்த வாசம். கீழாநெல்லியை மோரில் அரைத்தால் வருமே, அந்தப் பச்சை வாசம். மகளுக்குக் காமாலை வந்தபோது அவளே தினமும் அரைத்தது, அவளுக்குத் தெரியாதா? கருவேலங்காட்டில் இரைந்துகொண்டிருந்த சில்வண்டுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றன.

"யாரு கொடம்க்கா இது?" இருட்டைப் பார்த்துக் கேட்டாள்.



"நெறஞ்சிருச்சுக்கா. நாய் கீய் வாய வச்சிரும். நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்... வந்து வாங்கிக்கங்க."

நல்ல மனசு. அவளுடைய அம்மாவும் அப்படித்தான். அந்த நல்ல மனசுதான் அவளை இழுத்துவிட்டது.

ஊதாக் குடத்தைத் தலையிலும், தன் குடம் ஒன்றை இடுப்பிலும் வைத்துக்கொண்டு நடந்தாள். இன்னொன்றை நிரப்பி அங்கேயே விட்டுவிட்டாள். சளக்... சளக்... தலைக்கு மேலே குடத்துத் தண்ணீர் அலம்புகிறது என்றுதான் நினைத்தாள். பாதி ரோட்டில் மூச்சு வாங்க நின்றாள். குடத்துத் தண்ணீரும் நின்றது. சளக்... என்று பின்னால் இன்னும் ஒரு அடி கேட்டது. ஈரக்காலை மண்ணில் எடுத்து வைக்கிற சத்தம்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் வந்து பூட்டின பிறகுதான் மூச்சே விட்டாள்.

எந்த நேரமோ தெரியாது, அடுப்படியில் ஒரு சத்தம் கேட்டு முழித்தாள். சர்ர்ர்... சர்ர்ர்... டம்ளரில் இருந்து டபராவுக்கு, டபராவில் இருந்து டம்ளருக்கு, யாரோ எதையோ ஆற்றுகிறார்கள். பக்கத்தில் கை போட்டாள். ஆர்த்திகா உட்கார்ந்திருந்தது. உதடெல்லாம் ஈரம்.

"என்னடி குடிச்ச?"

"தண்ணி."

"யாருடி குடுத்தா?"

பிள்ளை அடுப்படியைக் கையால் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. பாண்டீஸ்வரி லைட்டைப் போட்டுப் போய்ப் பார்த்தாள். யாருமில்லை. வாசல் பூட்டு போட்டபடி இருந்தது. சிலிண்டர் மூடினபடி இருந்தது. ஆனால் அடுப்பின் மேலே பால் சட்டியில் தண்ணீர்... ஆவி பறந்துகொண்டிருந்தது. ஊதாக் குடத்தில் ஒரு சாண் குறைந்திருந்தது.

விடிந்ததும் எதிர்வீட்டுச் சோணையம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள். குடத்தைப் பார்த்ததுமே சோணையம்மாள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இத எங்கடி எடுத்த?"

"வரிசைல நின்னுச்சுக்கா. யாரும் வரல, அதான் புடிச்சு எடுத்தாந்தேன்."

"வீட்டுக்கு வான்னு கூப்புட்டியா?"

"வந்து வாங்கிக்கங்கன்னு சொன்னேன்..."

"அடிப்பாவி மகளே! அதுக்குப் பின்னாடி நிக்கிறவ யாரும் அதத் தொடமாட்டாளுக. அது பாட்டுக்கு நிக்கட்டும்னு நம்ம கொடத்தப் புடிச்சுட்டு வந்துருவோம். இம்புட்டு நாளா ஒனக்கு யாருமே சொல்லலையா?"

சோணையம்மாள் சொல்லித்தான் தெரிந்தது, அது தங்கப்பொண்ணு என்று ஒருத்தியின் குடம். அவளுக்கும் ஒரே மகள். வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் குடித்துக் காமாலை வந்து அந்தப் பிள்ளை செத்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு தங்கப்பொண்ணு ராத்திரியெல்லாம் தொட்டிக் குழாயடியிலேயே கிடந்தாள். குடத்தை நிரப்புவாள், கொட்டுவாள், மறுபடியும் நிரப்புவாள். கண்மாய் நிறைந்த வருஷம், குடத்தைக் கட்டிப்பிடித்தபடி தண்ணீரில் மிதந்தாள்.

"எம் பிள்ளைக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணி குடுக்க முடியலையேன்னு கத்திக்கிட்டே போனவடி அவ. இப்ப நல்ல தண்ணியும் கெடச்சிருச்சு..." சோணையம்மாள் உள்ளே படுத்திருந்த ஆர்த்திகாவைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

பாண்டீஸ்வரி குடத்தை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் குழாயடிக்கு ஓடினாள். கொட்டினாள். ராத்திரி பிடித்த தண்ணீர், காலில் பட்டபோது சுட்டது. குடத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கு ராத்திரி மட்டும் உங்கள் வீட்டில் படுத்துக்கொள்கிறேன் என்று சோணையம்மாளைக் கேட்டாள். சோணையம்மாள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள், அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? புருஷனுக்குப் போன் போட்டாள். "கதவப் பூட்டிட்டுப் படு புள்ள, விடிய வந்துர்றேன்" என்றான் அவன்.

பூட்டினாள். உள்ளே, மேலே, கீழே, இருக்கிற தாழ்ப்பாள் எல்லாம் போட்டாள். சிலிண்டரில் இருந்து ரெகுலேட்டரையே கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தாள். முந்தானையைப் பிள்ளையின் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தூங்கவே கூடாது என்றுதான் இருந்தாள்.

கரண்ட் போனது.

முதலில் கீழாநெல்லி வாசம் வந்தது. அப்புறம் அடுப்படியில் தண்ணீர் கொதிக்கிற சத்தம்... தளதள... தளதள... கேஸே இல்லாத அடுப்பில்! அப்புறம் சர்ர்ர்... சர்ர்ர்... நிதானமாக, அவசரமே இல்லாமல், ஆற்றுகிற சத்தம். முந்தானையைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு இருந்தது. பிள்ளை இல்லை.

செல்போன் வெளிச்சத்தை அடித்தாள். அடுப்படி வாசலில் ஆர்த்திகா சப்பணம் போட்டு உட்கார்ந்து, அண்ணாந்து வாயைத் திறந்திருந்தது. டம்ளர் இல்லை. கை இல்லை. மேலே இருந்து தண்ணீர் மட்டும் நூலாக இறங்கிப் பிள்ளையின் வாய்க்குள் விழுந்துகொண்டிருந்தது.

"தாயி! எம் பிள்ளைய விட்ரு தாயி! ஒனக்குப் புண்ணியமாப் போகும்!"

தண்ணீர் நின்றது. பிள்ளையின் கன்னத்தில் கொஞ்சம் வழிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ சேலைத் தலைப்பால் ஒற்றி எடுக்கிற மாதிரி, அந்த ஈரம் காய்ந்தது.

பிள்ளையை வாரிக்கொண்டு வந்தாள். சாவி பூட்டுக்குள் போகவே மாட்டேன் என்றது. எப்படித் திறந்தாள், எப்படி வெளியே வந்தாள் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. சோணையம்மாள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தவள் விடியும்வரை அசையவில்லை.

அருண்பாண்டி வந்தான். பாதிச் சாமானை அப்படியே விட்டுவிட்டு அன்றைக்கே கிளம்பி, ஆனையூரில் சிவபாண்டி வீட்டுப் பக்கம் குடி வந்தார்கள். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் பிள்ளையை நிறுத்தித் திருநீறு போட்டார்கள். சுவரில் ஃபில்டர் மிஷின் மாட்டினார்கள். ஒரு தொந்தரவும் இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம். "ஈரல் இம்புட்டு சீக்கிரம் தேறிருச்சே, நல்லா பாத்துக்கிட்டீங்கம்மா" என்றார். பாண்டீஸ்வரி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிள்ளை பிழைத்துவிட்டதே, அது போதும் அவளுக்கு.

போன வாரம் ஒரு மத்தியானம். நல்ல வெயில். ஆர்த்திகா விளையாடிவிட்டு வியர்க்க விறுவிறுக்க வந்தது. பாண்டீஸ்வரி ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து நீட்டினாள்.

பிள்ளை வாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்தால் பிள்ளைகள் ஒரு மரியாதையாகச் சிரிக்குமே, அப்படிச் சிரித்தது.

"வேணாம் அத்தை. அம்மா காய்ச்சிக்கிட்டு இருக்காங்க."