ஒரு மணி நேர வேலை

— இருபத்திரண்டு மாசம்னு எழுதுங்க மேடம். கொட்டை எழுத்துல எழுதுங்க.

— அவசரப்படாதீங்கண்ணே. இந்த வேலைக் கணக்கெடுப்புல, எத்தனை மாசமா வேலை இல்லைங்கறது பன்னெண்டாவது கேள்வி. நாம நாலாவதுலதான் நிக்கறோம்.

— என்ன கருமமோ! லேத் பட்டறையை இழுத்து மூடின நாள்லேருந்து ஒரு பய எட்டிப் பாக்கல. இவ தம்பி என்னடான்னா, "ரெண்டு மாசமா சும்மா இருக்கீங்க போல மாமா"ங்கறான். கவர்மெண்ட் தாள்லயாவது உள்ளது ஏறட்டும். எனக்கு அது ஒண்ணு போதும்.

— என்னங்க, என் தம்பியை ஏன் இழுக்கறீங்க? ஏம்மா, நீ கேளு. இவர் தேடாத இடம் இல்ல. எல்லாக் கம்பெனி வாட்ச்மேனுக்கும் இவரைத் தெரியும். முதலாளிங்களுக்குத்தான் தெரியல.

— தப்பா நினைக்காதீங்கண்ணே, இதைக் கேட்டாகணும். இந்த ஏழு நாள்ல கூலிக்கு ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சீங்களா?

— இல்ல.

— ஏங்க பொய் சொல்றீங்க? செவ்வாய்க்கிழமை டீக்கடை பெஞ்சுல யாருக்கோ எழுதிக் குடுத்த காசுன்னு சின்னவளுக்கு இருமல் மருந்தோட வந்தீங்களே!

— நீ வாயை மூடிட்டு இரு. அதெல்லாம் ஒரு வேலையா? ஒரே ஒரு மணி நேரம்.

— ஒரு மணி நேரம் போதும்ணே. கூலி வாங்கிட்டீங்க, அப்ப நீங்க வேலையில இருக்கறவர். பன்னெண்டாவது கேள்வியை உங்ககிட்ட கேக்கவே கூடாது.

— அப்ப என் இருபத்திரண்டு மாசம்?

— எங்கயும் வராது. இனிமே வேலை தேடினா முதல் நாள்லேருந்துதான் எண்ணுவாங்க.

— தூ! எவன் உக்காந்து யோசிச்சான் இதை?

— எனக்கும்தான் பிடிக்கல. தினம் பத்து வீட்டுல இதைக் கேட்டுத் திட்டு வாங்கறது நான்தான்.

— அந்த ஒரு மணி நேரத்தை விட்டுடேம்மா. நம்ம மூணு பேருக்குத்தானே தெரியும்.

— முடியாதுக்கா. நான் வந்ததே மறு சோதனைக்கு. வியாழக்கிழமை இந்தத் தெருவோட தாளெல்லாம் ஆபீஸுக்கு வந்துச்சு. முப்பத்தெட்டு வீடு, வேலை இல்லாத ஆள் ஒருத்தர்கூட இல்ல. எல்லாம் ஒரே கையெழுத்து. உங்க வீட்டுக்கு யார் வந்து கேட்டாங்க?

— யாருமே வரலையே. என்னங்க, நீங்க யாரையாவது பாத்தீங்களா? ஏன் தலையைக் குனிஞ்சுக்கறீங்க?

— அண்ணே, டீக்கடை பெஞ்சுல என்ன எழுதினீங்க?

— கணக்கெடுக்க வந்த உங்க ஆபீஸ் ஆளுக்கு முட்டி வலியாம் மேடம், வீடு வீடா படி ஏற முடியாதாம். "நீ இந்தத் தெருக்காரன், பேரெல்லாம் தெரியும், எழுதிக் குடு"ன்னான். வேலை இல்லைன்னு போட்டா இன்னும் எட்டு கேள்வி எழுதணும். இருக்குன்னு போட்டா நாலாவதோட முடிஞ்சுது.

— சீ! எதிர்வீட்டுப் பையன் மூணு வருஷமா நாயா அலையறான். அவனுக்குமா?

— எல்லாருக்கும்தான்.

— நம்ம வீட்டுக்கு?

— அதைத்தான் முதல்ல எழுதினேன். இன்னிக்கு மேடம் வரவும் மாத்திக்கலாம்னு பாத்தேன்.

— நல்லா எழுதினீங்கண்ணே! மத்த முப்பத்தேழு வீட்டுக்கும் நான் திரும்ப ஏறி இறங்கணும். உங்க தாளை மட்டும் திருத்த வேண்டாம். கூலி வாங்கி எழுதினதால, அது ஒண்ணுலதான் உள்ளதை எழுதியிருக்கீங்க.